பேச்சு எங்கே முடிகிறது?

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோர ஊர் ஒன்றின் நூலகத்துக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். கல்லூரி முடித்த கையோடு செய்த வேலை. உறுப்பினர் பெயரைத் தட்டினால் பட்டியலில் சேரும். புத்தகம் எடுத்தால் தேதி பதியும். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. மூன்றாவது வாரம் நூலகர் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், மேசைக்கு எதிரே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குடும்பப் பெயர் டி'குரூஸ். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்குப் பின்னால் மேலே ஒரு சின்னக் கோடு வரும். அந்தப் பெயரை ஏற்றினால் மட்டும் கட்டளையில் பிழை என்று சொல்லி நிரல் நின்றுவிடுகிறது.

“அந்தக் கோட்டை விட்டுட்டுப் போட்டுக்கலாமா சார்?” என்றார் நூலகர்.

பெரியவர் கோபப்படவில்லை. “ஞானஸ்நானப் பதிவேட்டுல இருந்து பென்ஷன் புத்தகம் வரைக்கும் அப்படித்தான் இருக்கு தம்பி. இங்க மட்டும் எப்படி மாத்துறது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

1530களில் போர்த்துக்கீசியர் வழியாகக் கத்தோலிக்கம் தழுவிய அந்தக் கரையில் இப்படிப்பட்ட பெயர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. குரூஸ் என்றால் சிலுவை. அதற்கு முன்னால் இருந்த சிறு சொல் தேய்ந்துபோனதன் அடையாளம்தான் அந்தக் கோடு. அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. தப்பு என் நிரலில்.

நடந்தது இதுதான். பெயரை வாங்கியதும் என் நிரல் தரவுத்தளத்துக்கு ஒரு வாக்கியத்தைக் கட்டி அனுப்பும். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்:

பட்டியலில் சேர்: பெயர் = 'முருகன்'

ஒற்றை மேற்கோள் இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெயர், வெளியே இருப்பது கட்டளை. ஆசிரியரின் பெயர் வந்தபோது வாக்கியம் இப்படி ஆயிற்று:

பட்டியலில் சேர்: பெயர் = 'டி'குரூஸ்'

இயந்திரம் இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறது. முதல் மேற்கோளைப் பார்த்ததும், இனி வருவது பெயர் என்று குறித்துக்கொள்கிறது. டி வருகிறது. அடுத்து இன்னொரு மேற்கோள். சரி, பெயர் முடிந்தது, அது டி. அதன் பிறகு வரும் குரூஸ் இயந்திரத்தின் கண்ணுக்கு ஒரு கட்டளைச் சொல். அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாது. கடைசியில் இன்னொரு மேற்கோள் திறந்து மூடப்படாமலே வரி முடிகிறது. இயந்திரம் கையை விரித்துவிட்டது.

நிரல் என்று நாம் எழுதுகிற எதிலும் இரண்டு வகை எழுத்து கலந்து கிடக்கிறது. ஒன்று இயந்திரம் செய்ய வேண்டியது. மற்றது இயந்திரம் சும்மா சுமந்து செல்ல வேண்டியது: பெயர், முகவரி, திரையில் காட்டும் செய்தி. இரண்டாம் வகைக்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரிங் என்று பெயர். தமிழில் சரம் என்கிறோம். எழுத்துகளை வரிசையாகக் கோத்தது என்பதால் பொருத்தமான சொல். சென்னையில் லட்சக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள். 'சென்னை'யில் மூன்று எழுத்துதான் இருக்கிறது. ஊரைச் சொல்கிறோமா, ஊரின் பெயரைச் சொல்கிறோமா என்பதை அந்த இரண்டு குறிகள் பிரித்துவிடுகின்றன. ஃபிரெகே, குவைன் முதலிய தர்க்கவியலாளர்கள் இந்த வேறுபாட்டை விடாப்பிடியாக வலியுறுத்தினார்கள். கணினி வந்த பிறகு அது ஒவ்வொரு நிரலாளரின் அன்றாடக் கவலை ஆகிவிட்டது.

அந்த எல்லையைக் காட்டும் குறியும் ஓர் எழுத்துதான். சரத்துக்குள் வரக்கூடிய எழுத்துகளில் அதுவும் ஒன்று. பயிருக்கு நடுவில் வேலிக்கம்பே முளைத்து நின்றால், வயல் எங்கே முடிகிறது என்று வழிப்போக்கன் எப்படிக் கண்டுபிடிப்பான்? இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

தமிழில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்ல என, என்று என்ற சொற்களே போதும். தொல்காப்பியம் இடையியலில் என என்பதைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. மழை வரும் என்று தாத்தா சொன்னார் என்று தம்பி சொன்னான் என்றால், ஒவ்வொரு என்றும் ஒரு பேச்சை மூடுகிறது. பேச்சுக்குள் பேச்சு எத்தனை அடுக்கு போனாலும் குழப்பமில்லை. ஆனால் மூடுவதற்குத்தான் சொல் இருக்கிறது, திறப்பதற்கு இல்லை. நேற்று அம்மா வந்தாள் என்று அண்ணன் சொன்னான். வந்தது நேற்றா, சொன்னது நேற்றா? கேட்பவர் இடம் பொருள் பார்த்துப் புரிந்துகொள்வார். இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. திறக்கும் இடமும் மூடும் இடமும் ஐயமில்லாமல் தெரிந்தால்தான் அது அடுத்த அடி வைக்கும்.

1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஃபோர்ட்ரான் மொழி வெளிவந்தபோது, அதைச் செய்தவர்கள் எல்லைக் குறியையே தவிர்த்தார்கள். சரத்தின் நீளத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 5 என்று எழுதி, எச் என்ற எழுத்தைப் போட்டு, ஐந்து எழுத்துள்ள சொல்லை எழுதுவது. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டை இயந்திரம் செய்து கொடுத்த ஹெர்மன் ஹாலரித்தின் முதல் எழுத்து அது. இந்த முறையில் சரத்துக்குள் எந்த எழுத்து வந்தாலும் சிக்கலே இல்லை. மேற்கோள், கோடு, கமா எதுவும் வரலாம். இயந்திரம் உள்ளே பார்ப்பதே இல்லை. எண்ணிக்கை முடியும் வரை அள்ளிக்கொண்டு போகிறது. கோட்பாட்டளவில் இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

எண்ண வேண்டியவர் மனிதர் என்பதுதான் வினையாகிப் போனது. இடைவெளியையும் ஓர் எழுத்தாகக் கணக்கிட வேண்டும். இருபத்து மூன்று எழுத்தை இருபத்திரண்டு என்று எண்ணிவிட்டால் கடைசி எழுத்து வெளியே தள்ளப்பட்டுக் கட்டளையோடு ஒட்டிக்கொள்ளும். இருபத்து நான்கு என்று எண்ணினால் பக்கத்திலிருக்கும் கமாவும் சரத்துக்குள் போய்விடும். செய்தியில் ஒரு சொல்லை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஃபோர்ட்ரான் 77 வந்தபோது மேற்கோளுக்கு மாறினார்கள்.

தமிழில் எண்ணுவது இன்னும் கடினம். தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பள்ளிப் பிள்ளை மூன்று என்று சொல்லும். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. அதே சொல் யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் ஏறும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ள, மொத்தம் பதினைந்து. மூன்று விடையும் சரி. எதை எண்ணுகிறோம் என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாவிட்டால் சொல் பாதியில் அறுந்து, திரையில் கட்டமும் கேள்விக்குறியும்தான் மிஞ்சும். தமிழ்க் குறுஞ்செய்திகளில் இந்த அறுந்த வால்களைப் பார்த்திருப்பீர்கள்.

எண்ணுவதை விட்டுவிட்டுக் குறிகளுக்கு வந்தபோது ஒரு நல்ல வாய்ப்பு கைநழுவியது. அச்சில் திறக்கும் மேற்கோள் ஒரு பக்கமும் மூடும் மேற்கோள் மறுபக்கமும் வளைந்திருக்கும். 1960இல் வந்த அல்கால் மொழியின் வரையறை இதைப் பயன்படுத்திக்கொண்டது. திறப்பது ஒரு குறி, மூடுவது வேறு குறி. அதனால் மேற்கோளுக்குள் மேற்கோளை அடைப்புக்குறி போல அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் கணினியின் விசைப்பலகை தட்டச்சுப் பொறியின் வாரிசு. தட்டச்சுப் பொறியில் விசை குறைவு என்பதால் வளைந்த இரண்டையும் ஒரே நேர்க்கோடாக்கி வைத்திருந்தார்கள். 1963இல் வந்த ஆஸ்கி குறியீட்டுத் தொகுதியும் அதையே எடுத்துக்கொண்டது: இரட்டை மேற்கோளுக்கு 34, ஒற்றைக்கு 39. ஆங்கிலத்தில் எழுத்து விடுபட்டதைக் காட்டும் கோடும் அதே 39தான். கடலோரத்து ஆசிரியரின் பெயரில் இருந்ததும் அது. திறப்பது, மூடுவது, பெயருக்குள் வருவது என்று மூன்று வேலைக்கும் ஒரே ஆள்.

இதைச் சமாளிக்க வந்த முதல் வழி இரட்டிப்பது. சரத்துக்குள் மேற்கோள் வர வேண்டுமானால் அதை இரண்டு முறை எழுது. ஃபோர்ட்ரான் 77, பாஸ்கல், தரவுத்தளங்கள் பேசும் எஸ்கியூஎல் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

'டி''குரூஸ்'

மேற்கோளைப் பார்த்ததும் இயந்திரம் உடனே முடிவெடுக்காமல் அடுத்த எழுத்தை எட்டிப் பார்க்கிறது. அங்கேயும் மேற்கோள் இருந்தால், இது பெயரின் பகுதி; ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போகிறது. வேறு ஏதாவது இருந்தால் சரம் முடிந்தது. அன்று நூலகத்தில் நான் செய்ததும் இதுதான். எனக்கு முன்னே வேலைக்குப் போயிருந்த அண்ணன் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு, பெயரில் ஒரு கோடு வந்தால் இரண்டாக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். ஆசிரியரின் பெயர் ஏறியது. அவர் எழுந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நெருங்கிப் பார்த்தார்.

இரண்டாவது வழி, அடுத்து வருவதை அப்படியே எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு தனிக் குறி வைப்பது. 1967இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் அந்த வேலையை உடுக்குறி செய்தது. அதன் வழியில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய பி மொழியிலும் அப்படியே. அதிலிருந்து டென்னிஸ் ரிச்சி சி மொழியைச் செய்தபோது அந்த இடத்துக்குப் பேக்ஸ்லாஷ் வந்தது. இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கோட்டைக் குறியீட்டுத் தொகுதிக்குள் கொண்டுவந்தவர் ஐபிஎம்மில் இருந்த பாப் பீமர். அவர் நினைத்தது வேறு காரியம். அல்கால் மொழியில் மற்றும், அல்லது என்பவற்றுக்கான கூரை வடிவக் குறிகளை /\ என்றும் \/ என்றும் இரண்டு கோடுகளைச் சேர்த்து எழுதலாம் என்பதற்காகக் கேட்டு வாங்கினார். அந்த வேலைக்கு இன்று அது அநேகமாகப் பயன்படுவதில்லை. சி வழியாக வந்த மொழிகள் எல்லாவற்றிலும் சரத்தின் காவல்காரனாக நிற்கிறது.

காவல்காரன் வந்ததும் காவல்காரனுக்கே காவல் தேவைப்பட்டது. பேக்ஸ்லாஷ் என்ற எழுத்தே சரத்துக்குள் வர வேண்டுமானால் அதையும் இரண்டாக எழுத வேண்டும். விண்டோஸ் கணினியில் கோப்பின் முகவரி முழுக்கப் பேக்ஸ்லாஷ் கிடக்கும். அதை அப்படியே நகலெடுத்து நிரலில் ஒட்டுகிறவர், கோப்பைக் காணோம் என்ற பதிலைப் பார்த்துத் திகைப்பார். கோடும் அதை அடுத்த எழுத்தும் சேர்ந்து புதுவரி என்றோ தாவல் இடைவெளி என்றோ மாறிப்போயிருக்கும்.

நிரலுக்குள் இன்னொரு நிரலை எழுத வேண்டி வந்தால் இது எப்படிப் பெருகும் என்று பாருங்கள். ஓர் இரட்டை மேற்கோளைச் சரத்துக்குள் வைக்க ஒரு கோடு: \". அந்தச் சரத்தையே இன்னொரு சரத்துக்குள் வைத்தால் கோட்டுக்கு ஒரு காவல், மேற்கோளுக்கு ஒரு காவல்: \\\". இன்னும் ஓர் அடுக்கு போனால்: \\\\\\\". ஒன்று, மூன்று, ஏழு, பதினைந்து. ஒவ்வோர் அடுக்குக்கும் இரட்டிப்புக்கு மேல் ஒன்று. நான்காவது அடுக்கில் ஒரே ஒரு மேற்கோளைக் காக்கப் பதினைந்து கோடுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். பெர்ல் மொழிக்காரர்கள் இதைச் சாய்ந்த பல்குச்சி நோய் என்பார்கள். அந்த வரிசையில் ஒரு கோடு குறைந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. நான் தாளில் பென்சிலால் இரண்டிரண்டாக அடித்து எண்ணியிருக்கிறேன்.

யூனிக்ஸின் கட்டளைத் திரையில் வேறொரு கண்டிப்பு. ஒற்றை மேற்கோளுக்குள் எந்தக் குறிக்கும் தனி மரியாதை கிடையாது. பேக்ஸ்லாஷும் வெறும் கோடுதான். படிக்க நிம்மதியானது. ஆனால் ஒற்றை மேற்கோளை உள்ளே கொண்டுவர வழியே இல்லை. ஆகவே டி'குரூஸை எழுத இப்படிச் சுற்றிவர வேண்டும்:

'டி'\''குரூஸ்'

டி எழுதி மூடுகிறோம். வெளியே வந்து காவலோடு ஒரு மேற்கோளை வைக்கிறோம். மறுபடி திறந்து குரூஸ் எழுதி மூடுகிறோம். மூன்று துண்டுகள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்பதால் ஒரே பெயராகிவிடுகிறது. இதை முதல் தடவை பார்ப்பவருக்கு எழுத்துப்பிழை போலத் தெரியும்.

பிறகு வந்த மொழிகள் வேலியையே நம் விருப்பத்துக்கு விட்டன. பைத்தானில் ஒற்றை, இரட்டை இரண்டில் எது வேண்டுமானாலும் போடலாம். நீண்ட உரைக்கு மூன்று மேற்கோளைச் சேர்த்தே வேலியாக்கலாம். 2011இல் தரப்படுத்திய சி++ பதிப்பில் வேலிக்கு நாமே பதினாறு எழுத்து வரை ஒரு பெயர் சூட்டலாம். அதே பெயர் மறுபடி வந்தால்தான் சரம் முடியும். ரஸ்ட் மொழியில் மேற்கோளோடு வேண்டிய அளவு # சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் உரையைப் பார்த்துவிட்டு, அதில் இல்லாத வேலியைத் தேர்ந்தெடுப்பது என்பதே இவை எல்லாவற்றின் உத்தி. மின்னஞ்சலில் படத்தை இணைத்து அனுப்பும்போதும் இதுதான் நடக்கிறது. உள்ளே வர வாய்ப்பே இல்லாத ஒரு நீண்ட கலவை எழுத்துத் தொடரை மென்பொருள் எல்லைக்கோடாகப் போடுகிறது. எழுதுகிறவர் உள்ளடக்கத்தைப் பார்த்திருக்கும் வரை இது நன்றாக வேலை செய்யும்.

ஆனால் உள்ளடக்கத்தை யாரோ முகம் தெரியாதவர் எழுதுகிறார் என்றால்?

நூலகத்தில் என் நிரலைப் பழுது பார்த்தபோது எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. பெயரில் தற்செயலாகக் கோடு வரலாம் என்பதோடு என் புத்தி நின்றுவிட்டது. ஒருவர் வேண்டுமென்றே கோட்டைப் போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கும் கட்டுரை ஒன்று 1998 டிசம்பரில் ஃப்ராக் என்ற இணைய இதழில் வந்தது. உறுப்பினரைத் தேடும் வாக்கியம் இது என்று வைத்துக்கொள்வோம்:

பெயர் = '……' என்றிருப்பவரைக் காட்டு

புள்ளியிட்ட இடத்தில் பெயருக்குப் பதிலாக ஒருவர் இதைத் தட்டுகிறார்:

க' அல்லது '1' = '1

வாக்கியம் இப்படி ஆகிவிடும்:

பெயர் = 'க' அல்லது '1' = '1' என்றிருப்பவரைக் காட்டு

மேற்கோள்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் திறந்து மூடி, இலக்கணம் பிசகாமல் இருக்கிறது. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். ஆகவே பட்டியலில் உள்ள அத்தனை பேரின் விவரமும் திரையில் கொட்டும். பெயர் என்று கொடுத்தது வேலி தாண்டிக் கட்டளையாகிவிட்டது. ஆசிரியரின் பெயர் என் நிரலை நிறுத்தியதும், இது நிரலைத் திறந்துவிடுவதும் ஒரே ஓட்டை வழியாகத்தான். அந்தப் பெயரை ஏற்காத படிவம் எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது. அங்கே உரையும் கட்டளையும் ஒரே பாத்திரத்தில் கலக்கப்படுகின்றன என்பதற்கு அது பெரும்பாலும் வெளியே தெரியும் அறிகுறி.

கோட்டை இரட்டித்தால் போதாதா என்று கேட்கலாம். எல்லா இடத்திலும் மறக்காமல் செய்தால் பல சமயம் போதும். ஆனால் மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளம், தன் வழக்கமான அமைப்பில் இரட்டிப்பதையும் பேக்ஸ்லாஷையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. ஒருவர் \' என்று கொடுக்கிறார். நம் நிரல் கடமை உணர்வோடு மேற்கோளை இரண்டாக்கி \'' என்று அனுப்புகிறது. தரவுத்தளம் பேக்ஸ்லாஷைப் பார்த்து முதல் மேற்கோளைச் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள்ள, இரண்டாவது மேற்கோள் சரத்தை மூடிவிடுகிறது. காப்பதற்காக நாம் சேர்த்த குறியே கதவைத் திறக்கிறது. அனுமதிக்கக் கூடாத எழுத்துகளைப் பெயரிலிருந்து வெட்டி எறிகிற வழியையும் பல அலுவலகங்கள் பின்பற்றுகின்றன. அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். மனிதருடைய பெயரைத் திருத்தும் உரிமை நிரலுக்கு இல்லை.

உறுதியான வழி, இரண்டையும் கலக்காமலே அனுப்புவது. பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் வைத்து, கட்டளையை முதலில் அனுப்புகிறோம். தரவுத்தளம் அதைப் படித்து, இலக்கணம் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறது. அதன் பிறகு பெயர் தனியாகப் போகிறது. மேற்கோள் கிடையாது, இரட்டிப்பு கிடையாது. கட்டளையைப் படிக்கும் வேலை முடிந்துவிட்டதால் பெயரில் எத்தனை குறி இருந்தாலும் அது பெயர்தான். தனியாகப் போகும் அந்தப் பெயர் எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? பல தரவுத்தளங்களில் பெயருக்கு முன்னால் அதன் நீளம் பைட் கணக்கில் போகிறது. ஹாலரித்தின் பெயரால் வழங்கிய அதே பழைய எண்ணும் முறை. இப்போது எண்ணுவது இயந்திரம், அதற்குக் கணக்குத் தப்பாது. 1997இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த நெட்ஸ்ட்ரிங் என்ற வடிவமும், பிட்டோரண்ட் கோப்புகளின் வடிவமும் இதே வழியில் நீளத்தை முன்னால் எழுதி, ஒரு முக்காற்புள்ளி போட்டு, சரத்தைத் தொடர்கின்றன.

சில ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போனபோது அந்த நூலக நிரலைத் திறந்து, வாக்கியம் கட்டும் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கேள்விக்குறிகளை வைத்தேன். இரட்டிப்பதற்காக எழுதிய வரியையும் நீக்கினேன். ஆசிரியர் பெயரைத் தேடிப் பார்த்தேன். அவர் எடுத்த புத்தகங்களின் பட்டியலோடு கோடு மாறாமல் வந்தது.

அண்மையில் நூலகர் கூப்பிட்டார். இப்போது அங்கே கைப்பேசியிலும் தேடலாம். “தம்பி, மேசைக் கணினியில அந்த சார் பேரு வருது. என் போன்ல போட்டா வரமாட்டேங்குது.” அவர் தட்டிய பெயரை அப்படியே அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாம் நேர்க்கோட்டைத் தட்டினாலும் அவருடைய போன் அதை அச்சில் இருப்பது போல அழகாக வளைத்துவிடுகிறது. வளைந்த கோட்டுக்கு யூனிகோடில் எண் 8217. பெயருக்குள் வரும் கோட்டுக்கு அதையே யூனிகோடும் பரிந்துரைக்கிறது. பட்டியலில் ஏறியிருப்பதோ பழைய விசைப்பலகையின் 39. தேடும் இடத்தில் இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி மாற்றிவிட்டு, பதிந்து வைத்திருக்கும் பெயரைத் தொடாமல் விட்டேன். “இப்பப் பாருங்க சார்” என்றேன். அந்தப் பக்கம் விசை தட்டும் சத்தம் கேட்டது. “வந்துட்டாரு” என்றார்.